வைலி கல்லூரி வாத அணி (1935): பங்குப் பகிர்வும் இணங்கவைக்கும் உத்திகளும்

முன்னுரை

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து மார்ஷல் நகரில் 1873இல் நிறுவப்பட்ட வைலி கல்லூரி, கறுப்பின மாணவர்களுக்கான உயர்கல்வி நிறுவனமாகும். அங்கு ஆங்கிலம் கற்பித்த கவிஞர் மெல்வின் டோல்சன் 1924இல் வாத மன்றம் ஒன்றைத் தொடங்கினார். 1935இல் அம்மன்றத்தின் அணி, தேசிய அளவில் முதன்மை பெற்றிருந்த தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக அணியை வென்றது. அவ்வணியின் பங்குப் பகிர்வையும் உத்திகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பங்குப் பகிர்வு

அக்காலக் கல்லூரி வாதத்தில் அணிக்கு இருவர் பேசுவது பெருவழக்கு. ஒவ்வொருவரும் தம் தரப்பை நிறுவும் உரையொன்றும் மறுப்புரையொன்றும் நிகழ்த்துவர். ஆதரவு அணியின் முதலாமவர் சொற்பொருளை வரையறுத்து, மாற்றத்தின் தேவையை நிறுவுவார். இரண்டாமவர் தீர்வு நடைமுறைக்கு ஏற்றதெனக் காட்டுவார். எதிரணி இவ்விரண்டையும் தகர்க்க முயலும். எனவே, ஒருவர் விட்ட குறை மற்றவர்க்குச் சுமையாகும். ஹோபர்ட் ஜாரெட், ஹென்றி ஹைட்ஸ் ஆகியோர் வைலியின் முன்னணி உரையாளர்கள். 14 வயதில் கல்லூரியில் சேர்ந்த ஜேம்ஸ் ஃபார்மர் மாற்று உறுப்பினராயிருந்தார். எவரிடத்தையும் நிரப்ப ஆயத்தமாயிருக்க வேண்டிய மாற்று உறுப்பினர், அனைவரின் பங்கையும் கற்றாக வேண்டும்.

உத்திகள்

எதிரணி எழுப்பக்கூடிய வாதங்களை முன்னரே கணித்து விடைகளை ஆயத்தம் செய்தல் டோல்சன் பயிற்சியின் அடிப்படையாகும். அக்கல்வியாண்டில் கல்லூரிகளிடையே வழங்கிய பொதுத் தீர்மானம், படைக்கலங்களின் பன்னாட்டு ஏற்றுமதியை நாடுகள் உடன்பட்டுத் தடுக்க வேண்டும் என்பது. அதில் இனச் சிக்கல் இடம்பெறவில்லை. இவ்வரலாற்றைத் தழுவி 2007இல் வெளிவந்த திரைப்படம், எதிரணியை ஹார்வர்டாக மாற்றியதோடு இன நீதியையும் வாதப்பொருளாக்கியது. ஆயின், உண்மை நிகழ்வின் ஆற்றல் வேறிடத்தில் உள்ளது. பொதுப்பொருள் ஒன்றில், ஒரே நேர வரம்பில், ஒரே விதியின்கீழ் வெள்ளையின மாணவர்களுக்கு நிகராக நின்று பேசியமையே சமத்துவத்துக்கான சான்றாயிற்று. அதனைத் தனியே கோர வேண்டிய தேவை எழவில்லை.

முடிவுரை

தேசிய வாதக் கழகமான பை கப்பா டெல்டா கறுப்பினத்தவரை உறுப்பினராக ஏற்காமையால், இவ்வெற்றிக்கு முறையான ஏற்பு கிட்டவில்லை. நடுவரை இணங்கவைத்த வாதம் நிறுவனத்தை இணங்கவைக்கவில்லை. இவ்வெல்லையை இளமையிலேயே கண்ட ஃபார்மர், 1942இல் இனச் சமத்துவப் பேரவையை நிறுவியோருள் ஒருவரானார். 1961இல் விடுதலைப் பயணங்களை ஒருங்கிணைத்தார். மால்கம் எக்ஸுடன் பொதுமேடைகளில் வாதிட்டார். வகுப்பறை வாதம் அவருக்கு எதிர்த்தரப்பை உள்ளிருந்து அறியும் திறனை அளித்தது. அத்திறன் மட்டும் போதாது, அதற்குத் துணையாக மக்கள் திரளும் வேண்டும் என்பதை அவர்தம் பிற்கால வாழ்வு காட்டுகிறது.