முதல் வண்ணப்பெட்டி எது?

படவேட்டை நாம் கற்களுக்காக அறிவோம். சம்புவராயரின் தலைநகராயிருந்த அவ்வூரில் மண்மூடியும் சிதைந்தும் கிடந்த கோயில்கள் பல நம் காலத்தில் மீட்கப்பட்டன. ஜவ்வாது மலையடிவாரத்தில் மீட்கத்தக்க வேறொரு பொருளும் உண்டென்றால் வாசகர் வியக்கலாம். அது பழைய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது எல்லாம் கறுப்பு வெள்ளையே. 1982 ஆகஸ்ட் 15 அன்று தில்லியிலிருந்து வண்ண ஒளிபரப்பு தொடங்கிற்று. அவ்வாண்டு நவம்பரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகள் அதற்குப் பெயர் வாங்கித் தந்தன. வண்ணப்பெட்டி வாங்க இயலாதோர் பல நிறப் பட்டைகள் கொண்ட பிளாஸ்டிக் தாளைக் கறுப்பு வெள்ளைத் திரையின்மேல் மாட்டினர். செய்தி வாசிப்பவரின் நெற்றி ஒரு நிறம், தாடை வேறு நிறம்! அதையும் வண்ணமென்றே நம்பி மகிழ்ந்தோம்.

பழம்பொருள் சேகரிக்க விழைவோர்க்குச் சென்னையில் உருவான டயனோரா, சாலிடேர் ஆகிய பெயர்களே முதலில் நினைவுக்கு வரும். நம் கருத்து சற்று வேறு. மலையடிவாரத்துக் கூலிக் குடும்பங்கள் பலவற்றின் வீட்டிற்குள் வண்ணம் 1982இல் நுழையவில்லை. 2006 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய இலவசத் திட்டத்தின் 14 அங்குலப் பெட்டியிலேதான் அது வந்தது. 2011இல் ஆட்சி மாறியதும் அத்திட்டம் நின்றுபோயிற்று. அதுபற்றிய வழக்கில் 2013 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கையின் வாக்குறுதி சட்டப்படி ஊழல் செயலாகாது என்றது. திட்டத்தின் நியாயம் பற்றி நம்மிடையே இன்னும் இரு கருத்துண்டு. ஆயினும் வரலாற்றுக்குச் சான்றாவது அந்தச் சின்னப் பெட்டியே.

அதுவோ இன்று எடைக்குப் போகிறது. தட்டைத் திரை வந்தபின் அந்தக் கனத்த கண்ணாடிக் குழலை வைத்திருப்பார் யார்? செம்புக் கம்பிக்காகக் குழலை உடைக்கிறார்கள். அக்கண்ணாடியில் ஈயம் கலந்திருப்பதால் அது உடைப்பவருக்கும் மண்ணுக்கும் கேடு. தப்பிய பெட்டியைக் கூரைமேல் ஆண்டெனா நட்டு இயக்கலாமென்றால், தூர்தர்ஷனின் பழைய தரைவழி ஒளிபரப்பும் 2022க்குள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டது.

எனவே பெட்டியை மட்டும் எடுத்து வைப்பது போதாது. அது எந்நாளில் வீடு வந்தது, அன்று எத்தனை பேர் திண்ணையில் கூடினர், முதலில் எதைக் கண்டனர் என்று ஒரு தாளில் எழுதி அதன் முதுகில் ஒட்டவேண்டும். சொல்லத்தக்க பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கின்றனர்.