ஒரு தோட்டாவும் பத்து டாலரும்

1879 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்தின் பால்ட்வின் ஹோட்டலில் ஜோசயா பேக்கன் என்பவர் தன் அறையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பாஸ்டனைச் சேர்ந்த ஒரு கம்பெனியின் பொருளாளர் அவர். சுட்டவர் சாமுவேல் சால்ஃபன்ட். கொள்ளைக்காரரில்லை, குடிகாரரில்லை. பல் மருத்துவர். கொலைக்குக் காரணம் பெண்ணோ நிலமோ அல்ல, ரப்பர்.

நானும் பல் மருத்துவன்தான். படித்து முடித்துச் சொந்த கிளினிக் வைத்து ஏழு வருடம் ஆகிறது. ஐந்து வருடப் படிப்பில் இந்தக் கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. பல்செட் செய்யும் முறையைச் சொன்னார்கள். அந்தப் பல்செட்டுக்காக ஒரு மருத்துவர் ஜெயிலுக்குப் போனதைச் சொல்லவில்லை. எங்கள் ஊர் சீனியர் ஒருவர் வருடா வருடம் போன் பண்ணி, "தம்பி, இந்த வருஷமாச்சும் சங்கத்துல சேர்றியா?" என்று கேட்கும்போதெல்லாம், "பார்க்கலாம் சார்" என்று நழுவிக்கொண்டிருந்தவன் நான். இந்தக் கதை என் கண்ணில் பட்டது அந்த நழுவல் காலத்தில்தான்.

*

கதை மயக்க மருந்திலிருந்து தொடங்குகிறது. 1846இல் பாஸ்டன் மருத்துவமனையில் ஈத்தர் கொடுத்து வலியில்லாமல் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று காட்டிய வில்லியம் மார்ட்டன் ஒரு பல் மருத்துவர். அதற்கு இரண்டு வருடம் முன்பே சிரிப்பு வாயுவைத் தன் பல்லிலேயே சோதித்துப் பார்த்த ஹொரேஸ் வெல்ஸும் பல் மருத்துவர்தான். வலி போனதும் ஜனங்கள் துணிந்து பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்தார்கள். பிடுங்கிய பிறகு? வாயில் வைக்க ஏதாவது வேண்டுமே. அதுவரை பல்செட்டின் அடித்தளம் தங்கத்தில் செய்யப்பட்டது. பணக்காரருக்குத்தான் கட்டுப்படியாகும். ஏழைக்கு வெறும் ஈறுதான்.

அந்த நேரத்தில் வந்தது வல்கனைட். ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது கெட்டிப்படும் என்று கண்டுபிடித்தவர் சார்ல்ஸ் குட்இயர். அவருடைய தம்பி நெல்சன் அதை இன்னும் கடினமாக்கி 1851இல் காப்புரிமை வாங்கினார். நோயாளியின் வாயை அச்செடுத்து, பிளாஸ்டர் வார்ப்பில் ரப்பரை அடைத்து, நீராவி அழுத்தத்தில் வேகவைத்தால் வாய்க்கு அச்சாகப் பொருந்தும் ஒரு தட்டு கிடைக்கும். தங்கத்தோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை. அமெரிக்காவின் சாதாரண ஜனங்கள் முதல்முறையாக மென்று சாப்பிடத் தொடங்கினார்கள்.

ரப்பர் பல்செட்டுக்குக் காப்புரிமை கேட்டு ஜான் கம்மிங்ஸ் என்ற பல் மருத்துவர் 1855இல் மனுப் போட்டார். மனு நிராகரிக்கப்பட்டது. அவரிடம் பணமும் இல்லை, உடம்பும் சரியில்லை. விடாமல் முயன்று 1864இல் காப்புரிமையைப் பெற்றார். அந்தக் காப்புரிமை கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் குட்இயர் டென்டல் வல்கனைட் கம்பெனி. அதன் பொருளாளர்தான் ஜோசயா பேக்கன்.

அதற்குள் அமெரிக்கா முழுக்கப் பல் மருத்துவர்கள் ரப்பரில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கம்பெனி அவர்களிடம், வருடா வருடம் உரிமக் கட்டணம் கட்டு, செய்கிற ஒவ்வொரு பல்செட்டுக்கும் தனியாகக் கட்டு, இல்லாவிட்டால் கோர்ட்டுக்கு வா என்றது. பேக்கன் ஊர் ஊராகப் போய் வழக்குப் போட்டார். பல் மருத்துவர்களும் எதிர்த்து வழக்காடினார்கள். விஷயம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கேயும் கம்பெனிதான் ஜெயித்தது.

சால்ஃபன்ட் கட்டணம் கட்ட மறுத்தவர்களில் ஒருவர். டெலவேரின் வில்மிங்டனிலிருந்து செயின்ட் லூயிஸுக்குப் போனார். அங்கேயும் வழக்கு துரத்தியது. நாட்டின் மறுகோடிக்கு, சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போனார். பேக்கன் அங்கேயும் வந்தார். அதற்கு மேல் ஓட இடமில்லை, எதிரே கடல். மிரட்டத்தான் துப்பாக்கியைக் கொண்டுபோனேன், கை தவறி வெடித்துவிட்டது என்பது சால்ஃபன்டின் வாதம். பத்து வருடத் தண்டனை விதித்து அவரை சான் குவென்டின் சிறைக்கு அனுப்பினார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு நெஞ்சு அடைத்தது. காப்புரிமை 1881இல் காலாவதியானது. சால்ஃபன்ட் இரண்டே வருடம் பொறுத்திருந்தால் போதும். ஆனால் தனியாக இருக்கிற மனிதனுக்கு இரண்டு வருடம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்.

*

மூன்று வருடம் முன்பு ஒரு ராத்திரி. அன்று காலை நான் கடவாய்ப்பல் எடுத்த ஒரு பெரியவருக்கு ரத்தம் நிற்கவில்லை. அவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். கேட்டபோது என்னிடம் சொல்லவில்லை. நானும் இன்னொரு தடவை அழுத்திக் கேட்டிருக்க வேண்டும். எட்டு மணிக்குப் பதினைந்து பேர் கிளினிக் வாசலில். பஞ்சை வைத்து அழுத்தித் தையல் போட்டு ரத்தத்தை நிறுத்திவிட்டேன், பெரியவர் நன்றாகத்தான் இருந்தார். ஆனால் கூட்டம் கலையவில்லை. "எவ்ளோ தர்றே?" என்றான் ஒருவன். என் உதவிக்கு இருந்த பெண் உள்ளறையில் அழுதுகொண்டிருந்தாள். கை நடுங்க நான் போன் போட்டது அந்த சீனியருக்குத்தான்.

இருபது நிமிடத்தில் வந்தார். கூட வேறு நாலு டாக்டர்கள். இரண்டு பேரை நான் அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை. யாரும் சத்தம் போடவில்லை. ஒருவர் பெரியவரைப் பரிசோதித்து வீட்டாருக்குப் பொறுமையாக விளக்கினார். ஒருவர் காவல் நிலையத்தில் பேசினார். ஒருவர் சும்மா என் பக்கத்தில் நின்றார். பத்து மணிக்கு வாசல் காலியாகிவிட்டது. போகும்போது சீனியர், "சாப்ட்டியா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகும் நான் சங்கத்தில் சேரவில்லை. நன்றி சொன்னேன், பொங்கலுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொண்டுபோய்க் கொடுத்தேன். சந்தா மட்டும் கட்டவில்லை. 'எனக்கு அதில் என்ன கிடைக்கும்?' என்பதுதான் என் கேள்வி. ஏற்கெனவே ஒரு ராத்திரி கிடைத்துவிட்டது என்பது புத்திக்கு உறைக்கவேயில்லை.

*

மறுபடி அமெரிக்காவுக்குப் போவோம். ரப்பர் சண்டை முடிந்து சில வருடத்திலேயே அடுத்தது வந்தது. இன்று நாம் 'கேப் போடுவது', 'பிரிட்ஜ் போடுவது' என்கிறோமே, அந்த முறைகளுக்கான காப்புரிமைகளைக் கையில் வைத்துக்கொண்டு இன்டர்நேஷனல் டூத் கிரௌன் கம்பெனி என்று ஒன்று கிளம்பியது. அதே பாட்டு: கட்டணம் கட்டு, இல்லாவிட்டால் வழக்கு.

இந்த முறை யாரும் துப்பாக்கியைத் தூக்கவில்லை. 1888இல் சிகாகோவைச் சேர்ந்த ஜான் க்ரௌஸ் என்ற பல் மருத்துவர் டென்டல் புரொடெக்டிவ் அசோசியேஷனைத் தொடங்கினார். திட்டம் ரொம்ப எளிமையானது. ஆளுக்குப் பத்து டாலர். உறுப்பினர் யார் மேல் வழக்கு வந்தாலும் அது சங்கத்தின் வழக்கு. வக்கீல், ஆவணம், சாட்சி எல்லாம் சங்கத்தின் பொறுப்பு.

கம்பெனியின் பலம் எங்கே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அதன் சட்ட நியாயத்தில் மட்டும் இல்லை. ஒரு சிறு ஊர் பல் மருத்துவர் வழக்கு நடத்துவதைவிட கட்டணத்தைக் கட்டிவிடுவதே லாபம் என்று கணக்குப் போடுவார் பாருங்கள், அந்தக் கணக்கில் இருந்தது. க்ரௌஸ் அந்தக் கணக்கைத்தான் உடைத்தார். ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். வழக்குகள் பல வருடம் இழுத்தன. முடிவில் கம்பெனி தோற்றது.

எனக்கு இன்னும் பிடித்தது அடுத்த கதை. 1907 ஜனவரியில் வில்லியம் டேகர்ட் என்பவர் நியூயார்க்கில் பல் மருத்துவர்கள் முன்னால் ஒரு முறையைச் செய்து காட்டினார். பல்லின் குழிக்கு மெழுகில் அச்செடுத்து, அதைச் சுற்றி மாவு பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் தங்கத்தை ஊற்றுவது. சுவாமிமலை ஸ்தபதிகளுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஐம்பொன் சிலை வார்ப்பதும் இதே மெழுகு வார்ப்புதானே! ஆனால் பல்லில் அதைச் சுத்தமாகச் செய்ய ஒரு கருவி வேண்டும். டேகர்ட் அதைக் கண்டுபிடித்தார். அவர் பெரிய திறமைசாலி, சந்தேகமில்லை. பிறகு கருவிக்கு மட்டுமில்லாமல் முறைக்கும் சேர்த்துக் காப்புரிமை கோரினார். வாஷிங்டன் பல் மருத்துவர் ஒருவர் மேல் வழக்குப் போட்டார்.

வழக்கைக் கவிழ்த்தது ஒரு பழைய கட்டுரை. அயோவா மாநிலத்தின் டெனிசன் என்ற சின்ன ஊரில் ஃபில்புரூக் என்று ஒரு பல் மருத்துவர். டேகர்ட்டுக்குப் பத்து வருடம் முன்பே, 1890களில், தங்கள் மாநிலச் சங்கக் கூட்டத்தில் இதே முறையை விவரித்துக் கட்டுரை படித்திருந்தார். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சங்கம் அதை அச்சடித்து வைத்திருந்தது. அந்தக் காகிதம் கோர்ட்டில் பேசியது.

எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டங்களை நான் கிண்டலடித்திருக்கிறேன். பொன்னாடை, குத்துவிளக்கு, நாற்பது நிமிட வரவேற்புரை, அப்புறம் பிரியாணி. அந்த அயோவா கூட்டமும் அப்படித்தான் இருந்திருக்கும். பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். இருந்தாலும் யாரோ ஒருவர் மினிட்ஸ் எழுதினார்.

*

சங்கம் என்றாலே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. வரலாறு அப்படிச் சொல்ல விடாது. 1840இல் தொடங்கிய அமெரிக்காவின் முதல் தேசியப் பல் மருத்துவச் சங்கம், பாதரசக் கலவையால் சொத்தைப் பல்லை அடைக்க மாட்டேன் என்று உறுப்பினர்களிடம் கையெழுத்துக் கேட்டது. போடாதவர்களைத் துரத்தியது. அந்தச் சண்டையிலேயே தேய்ந்து 1856இல் கலைந்தும் போனது. 1859இல் நயாகராவில் பிறந்த அமெரிக்கன் டென்டல் அசோசியேஷன் நிலைத்தது. ஆனால் அதன் தெற்கத்திய மாநிலக் கிளைகள் கறுப்பினப் பல் மருத்துவர்களை 1960கள் வரை சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் தங்களுக்கென்று நேஷனல் டென்டல் அசோசியேஷனைக் கட்டினார்கள். 2010இல்தான் பழைய சங்கம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. அப்போது அதன் தலைவர் ரேமண்ட் ஜிஸ்ட், அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். மன்னிப்புக் கேட்கவைக்கவும் உள்ளே ஆள் வேண்டியிருந்தது.

நம் பக்கத்துக் கதையும் அயோவாவைத் தொட்டுத்தான் வருகிறது. கிழக்கு வங்காளத்தில் பிறந்த ரஃபியுத்தீன் அகமது, அயோவா பல்கலைக்கழகத்தில் 1915இல் பல் மருத்துவப் பட்டம் வாங்கினார். கல்கத்தா திரும்பி 1920இல் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். கல்லூரி நடத்தக் காசு வந்தது, அவர் நடத்திய ஐஸ்கிரீம் கடையிலிருந்து. பல் டாக்டர் ஐஸ்கிரீம் விற்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். அவர் கல்லூரியோடு நிற்கவில்லை. சங்கம் கட்டினார், பத்திரிகை நடத்தினார், சட்டத்துக்காக அலைந்தார். 1939இல் வங்காளத்தில் பல் மருத்துவர் சட்டம் வந்தது. 1948இல் இந்தியா முழுமைக்கும் வந்தது. யார் பல் மருத்துவர், யார் இல்லை என்று ஒரு பதிவேடு அதற்குப் பிறகுதான். என் கிளினிக் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் பதிவுச் சான்றிதழுக்குப் பின்னால் அந்த ஐஸ்கிரீம் கடை இருக்கிறது.

2023இல் அந்த 1948 சட்டத்துக்குப் பதிலாக தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அது நல்லதா கெட்டதா என்று எனக்கு ஒரு கருத்து இருந்தது. அதை நான் சொன்ன இடம் வாட்ஸப் ஸ்டேட்டஸ்.

*

இதெல்லாம் டாக்டர்கள் தங்கள் பாக்கெட்டைக் காப்பாற்றிக்கொள்ளும் கதைதானே என்று நீங்கள் கேட்கலாம். ரப்பர் கட்டணத்தைக் கடைசியில் கட்டியது யார்? நோயாளிதான். பல்செட்டின் விலை எந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்குத் தெரியாமல் முடிவாகிறதோ, அந்த நாற்காலியில்தான் அது வசூலாகிறது.

போன மாதம் ஒரு லாரி டிரைவர் வந்தார், முப்பத்தெட்டு வயது. "பல் கூசுது சார்." வாயை மூன்று விரல் அகலத்துக்குத் திறக்க முடியவில்லை. கன்னத்தின் உட்புறம் வெளுத்து விறைத்திருந்தது. பாக்கு, புகையிலை. நான் அவரிடம் பேசலாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். ஆனால் அந்த பாக்கெட் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் விற்கிறது என்பது என் நாற்காலியிலிருந்து எட்டாத விஷயம். தனி ஆளாகப் போய்க் கேட்டால் நான் ஒரு புகார்க்காரன். நாற்பது பேர் லெட்டர்பேடில் எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும்.

அன்று சாயங்காலம் நானாகவே சீனியருக்கு போன் போட்டேன். "சந்தா எவ்ளோ சார்?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "யாராச்சும் வாசல்ல நிக்கிறாங்களா தம்பி?" என்று பதறிப்போய்க் கேட்டார்.

இல்லை சார் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மினிட்ஸ் எழுதும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.