காலரைத் தூக்கி விட்டுக்கறதுக்கு முன்னாடி...

நம்மூர்ல ஒருத்தன் பெருமைப்பட்டா காலரைத் தூக்கி விட்டுக்குவான். இங்கிலீஷ்காரன் அதே காலரை வச்சு மனுஷனோட வேலையையே பிரிச்சு வச்சிருக்கான். ஏசி ரூம்ல உக்காந்து கீபோர்டு தட்டற நம்மள மாதிரி ஆளுங்க 'ஒயிட் காலர்'. லேத்து பட்டறை, ஃபேக்டரின்னு உடம்பை வருத்தி உழைக்கறவங்க 'புளூ காலர்'. (கோபத்துல கழுத்து வரைக்கும் சூடாகிட்டா 'ஹாட் அண்டர் தி காலர்'. அப்ரைசல் சமயத்துல உபயோகப்படும் :-))

அழுக்கு தெரியாத நீலச் சட்டை தொழிலாளிக்கு, அழுக்கே படாத வேலைங்கறதால வெள்ளை குமாஸ்தாவுக்கு. அர்த்தம் அவ்வளவுதான். ஆனா அந்த வெள்ளை காலரை வெள்ளையா வச்சிருந்தது யாரு? அதுதான் கதையே.

அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்துல ட்ராய்னு ஒரு ஊர். அங்க ஹானா மாண்டேகுன்னு ஒரு அம்மா. வீட்டுக்காரர் சட்டையில காலர் மட்டும் அழுக்காகுது, அதுக்காக முழுச் சட்டையையும் தோய்க்கணுமான்னு கடுப்பாகி, 1827-ல் காலரைத் தனியா வெட்டி எடுத்துத் தோய்ச்சு மறுபடி மாட்டினாங்கன்னு அந்த ஊர்ல சொல்லுவாங்க. கழட்டி மாட்டற காலர் அப்படித்தான் பிறந்ததாம். அது பெரிய வியாபாரமாகி, ட்ராய்க்கு 'காலர் சிட்டி'ன்னே பேர் வந்துடுச்சு.

காலர் விறைப்பா நிக்கணும்னா வெளுத்து, கஞ்சி போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால தேய்க்கணும். லாண்டரிகள்ல அந்த வேலையைச் செஞ்சது பெண்கள், அதுலயும் நிறைய பேர் அயர்லாந்துலேர்ந்து வந்தவங்க. ஒரு நாளைக்கு 12 லேர்ந்து 14 மணி நேரம் வேலை. கூலி வாரத்துக்கு மூணு நாலு டாலர். கஞ்சி போட புது மெஷின் வந்தப்ப வேலை வேகமாச்சு, கூடவே கொதிக்கற கஞ்சி பட்டு கையும் வெந்துச்சு.

கேட் முல்லானிங்கற பொண்ணுக்கு அப்ப சுமார் 19 வயசு. 1864-ல் அவங்க முன்னால நின்னு காலர் லாண்டரி யூனியனை ஆரம்பிச்சாங்க. ஏறக்குறைய 300 பெண்கள் ஸ்ட்ரைக்ல இறங்கினாங்க. ஒரு வாரத்துக்குள்ள முதலாளிகள் இறங்கி வந்து சுமார் 25 சதவீதம் கூலியை ஏத்தினாங்க. 1866-ல் அதே ஊர்ல இரும்பு வார்ப்புத் தொழிலாளிகள் போராடினப்ப, இந்தப் பெண்கள் யூனியன்லேர்ந்து 1000 டாலர் எடுத்துக் குடுத்தாங்க. அவங்க வாரக் கூலியை மறுபடி ஒரு தடவை பாத்துக்குங்க!

1869-ல் மறுபடி ஸ்ட்ரைக். இந்தத் தடவை காலர் கம்பெனிகள் லாண்டரி முதலாளிகள் பக்கம் நின்னுட்டாங்க. தோய்க்கவே தேவையில்லாத பேப்பர் காலர் வேற மார்க்கெட்டுக்கு வந்துடுச்சு. யூனியன் கலைஞ்சு போச்சு.

அப்புறம் 1919-ல் எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் 'தி பிராஸ் செக்' புத்தகத்துல ஒரு குத்து குத்தினாரு. சொற்பச் சம்பளம் வாங்கற குமாஸ்தா, வெள்ளை காலர் மாட்ட விட்டதாலயே தன்னை முதலாளி வர்க்கம்னு நினைச்சுக்கிட்டுத் தொழிலாளியை இளக்காரமா பாக்கறான்னாரு. 'ஒயிட் காலர்'ங்கற பேச்சு பரவினதுக்கு அவரும் ஒரு காரணம். 'புளூ காலர்' 1920-கள்ல வந்து ஜோடி சேர்ந்துச்சு.

முதல் உலகப்போர் முடிஞ்சு திரும்பின சிப்பாய்களுக்கு மெத்துன்னு இருக்கற, சட்டையோட சேர்ந்த காலர்தான் பிடிச்சுது. கழட்டற காலர் மெல்ல ஒழிஞ்சுது. ட்ராய் கம்பெனியான க்ளூயட் பீபாடி, துணி சுருங்காம இருக்க ஒரு முறையைக் கண்டுபிடிச்சு பிழைச்சுக்கிச்சு. நம்ம அப்பா காலத்து மில் துணியில 'சான்ஃபரைஸ்டு'ன்னு முத்திரை இருக்குமே, அதேதான்!

இன்னிக்கு நாம காலரே இல்லாத டிஷர்ட்ல ஆபீஸ் போறோம். அப்பவும் 'ஒயிட் காலர்'னுதான் சொல்லிக்கறோம். சின்க்ளேர் சொன்ன குமாஸ்தா போட்டிருந்ததும் சம்பளக்காரன் சட்டைதான், நாம போட்டிருக்கறதும் சம்பளக்காரன் சட்டைதான். அதைத் தேய்ச்சு விறைப்பாக்கினவங்களுக்கு அது புரிஞ்சிருந்துச்சு, ஒண்ணா நின்னாங்க. நமக்குப் புரியற வரைக்கும் காலரைத் தூக்கி விட்டுக்காம இருக்கறது நல்லது.