நாணயத்தால் உயர்ந்த பாலைவன நகரம்

சரக்கு ஏற்றிக்கொண்டு கூட்டமாகச் செல்லும் வணிகர் குழுவைப் பழந்தமிழில் ‘சாத்து’ என்பார்கள். ஒட்டகச் சாத்துகளால் செழித்த ஒரு நகரத்தைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம்.

அந்நகரம் சிரியா நாட்டிலுள்ள பால்மைரா. தலைநகர் டமாஸ்கஸிலிருந்து வடகிழக்கே 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. சுற்றிலும் வறண்ட பாலை. நடுவே ஓர் ஊற்று, பேரீச்சந் தோப்புகள். யூப்ரடீஸ் நதிக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையே நடந்த ஒட்டகங்கள் அங்கே இளைப்பாறின. பட்டும் வாசனைத் தைலமும் அவ்வழியே சென்றன. சாத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த தலைவர்களுக்கு நகரத்தார் நன்றியோடு சிலை எடுத்தார்கள்.

ஆனால், சுங்க வரி வசூலிப்பதில் ஓயாத தகராறு. பல பொருள்களுக்கு எழுதப்பட்ட விகிதம் இல்லை. எல்லாம் வழக்கப்படி நடந்தது. வணிகர் ஒன்று சொல்ல, வசூலிப்பவர் வேறொன்று சொல்வார். இன்ன வேலைக்கு இன்ன கூலி என்று எழுத்தில் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாததா? கி.பி. 137-ஆம் ஆண்டில் நகர சபை ஒரு முடிவெடுத்தது. வரி விகிதங்களை இரு மொழிகளில் கல்லில் வெட்டி, கோயிலுக்கு எதிரே எல்லாரும் பார்க்க நிறுத்தியது. கற்குப்பிகளில் அடைத்த வாசனைத் தைலம் ஓர் ஒட்டகச் சுமைக்கு 25 தினாரியஸ். ஆட்டுத்தோல் பையில் வந்தால் 13. பிறகு கூட்டிக் கேட்க வழியேது?

272-இல் ரோமப் பேரரசர் அவுரேலியன், அரசி செனோபியாவை வென்று நகரைப் பிடித்தார். மறு ஆண்டு மக்கள் கிளர்ந்தெழவே, நகரம் சூறையாடப்பட்டது. பழைய செழிப்பு திரும்பவில்லை. எஞ்சிய தூண்களையும் கோயில்களையும் 1980-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

2015-இல் ஐ.எஸ். பயங்கரவாதிகள் அங்கே புகுந்தனர். பேல் கோயிலையும் பால்ஷமின் கோயிலையும் வெடிவைத்துத் தகர்த்தனர். 40 ஆண்டுகள் அந்தத் தொல்பொருள்களைப் பராமரித்தவர், எண்பது வயதைக் கடந்த அறிஞர் காலித் அல் அஸ்அத். மறைத்து வைத்த பொருள்கள் எங்கே என்று அவரைப் பிடித்து வைத்துக் கேட்டார்கள். அவர் சொல்லவில்லை, கொன்றுவிட்டார்கள்.

அந்த வரிக்கல் முன்னரே ரஷ்யாவின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்துக்குச் சென்றுவிட்டதால் தப்பியது. ஒப்படைத்ததைக் காப்பதே நாணயம். அன்று சாத்துத் தலைவர்கள் சரக்கைக் காத்தார்கள். நம் காலத்தில் ஒரு முதியவர் தம் ஊரின் வரலாற்றையே காத்தார். பால்மைராவின் பெருஞ்செல்வம் அதுவே என்போம்.