உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை: எதற்கு ஆதாரம் உண்டு, எதற்கு இல்லை?

சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண். "விரலை எடுக்க வேண்டிவரலாம்" என்கிறார் மருத்துவர். அதே வாரம் கைப்பேசிக்கு ஒரு விளம்பரம் வருகிறது: ஆக்சிஜன் அறையில் 40 முறை படுத்தால் கால் தப்பிவிடும். நகையை விற்கலாமா, ஜமாஅத்தில் உதவி கேட்கலாமா என்று வீட்டில் பேச்சு தொடங்குகிறது. கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி பகுதியில் இந்தக் கேள்வியோடு வருகிறவர்களைப் பார்க்கிறோம். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால், இது ஒரு குடும்பத்தின் கேள்வி மட்டுமல்ல.

சிகிச்சை என்ன?

நோயாளியை மூடிய அறைக்குள் வைத்து, காற்றழுத்தத்தை இயல்பைவிட 2 முதல் 3 மடங்கு உயர்த்தி, தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்வார்கள். வழக்கமாக ரத்தத்தின் சிவப்பணுக்களே ஆக்சிஜனைச் சுமக்கின்றன. இந்த அழுத்தத்தில் ரத்த நீரிலேயே அது நிறையக் கரைந்து, ரத்த ஓட்டம் குறைந்த திசுவுக்கும் ஓரளவு எட்டுகிறது. ஒரு முறைக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும்.

உறுதியான பயன்

காற்றுக் கருவியோடு ஆழ்கடலில் மூழ்குகிறவர் வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் வாயுக் குமிழிகள் உண்டாகும். அதற்கு இதுவே முதன்மைச் சிகிச்சை. ரத்தக் குழாயில் காற்று அடைப்பதற்கும் அப்படியே. கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பின் சில காலம் கழித்துத் தாடை எலும்பிலும் மலக்குடலிலும் வரும் பாதிப்புகளுக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

தொழிற்பேட்டைப் பகுதியில் இருப்போர் கார்பன் மோனாக்சைடு நச்சைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். உலைக்கு அருகிலும், மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓடும் இடத்திலும் இந்த ஆபத்து உண்டு. ரத்தத்தில் இந்த நச்சு பாதியாகக் குறைய, சாதாரணக் காற்றில் சுமார் 5 மணி நேரம் ஆகும். முகமூடி வழியே தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றேகால் மணி நேரம் போதும். அழுத்த அறையில் அரை மணிக்கும் குறைவு. அமெரிக்காவில் 152 பேரிடம் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், ஆறு வாரம் கழித்து நினைவாற்றல், சிந்தனைக் குறைபாடு இருந்தவர்கள் அழுத்த அறையில் 25%, சாதாரண ஆக்சிஜன் பெற்றோரில் 46%. வேறு சில ஆய்வுகள் இந்த வேறுபாட்டைக் காணவில்லை. ஆகவே அழுத்த அறையைத் தேடி நேரத்தைக் கழிக்காமல், அருகிலுள்ள மருத்துவமனையில் உடனே ஆக்சிஜன் கொடுக்கச் செய்வதே முதல் வேலை.

சர்க்கரைப் புண்ணுக்கு?

இங்கே முடிவுகள் முரண்படுகின்றன. ஸ்வீடனில் 94 பேரிடம் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், ஓராண்டில் புண் முழுமையாக ஆறியவர்கள் ஆக்சிஜன் பெற்றோரில் 52%, அறையில் வெறும் காற்றைப் பெற்றோரில் 29%. ஆனால் கனடாவில் 103 பேரிடம் நடந்த 2016 ஆய்வு, கால் நீக்கும் தேவை குறையவில்லை என்றது. நெதர்லாந்து ஆய்வொன்றும் (2018, 120 பேர்) கால் காப்பதில் உறுதியான வேறுபாட்டைக் காட்டவில்லை.

எனவே இது துணைச் சிகிச்சைதான். சர்க்கரைக் கட்டுப்பாடு, புண்ணைச் சுத்தம் செய்தல், காலில் பாரம் ஏறாமல் காத்தல், கிருமித் தொற்றுக்கு மருந்து, அடைபட்ட ரத்தக் குழாயைச் சரிசெய்தல் ஆகியவற்றுக்கு இது ஈடாகாது. அமெரிக்க அரசின் காப்பீடுகூட ஆழமான புண்ணுக்கு மட்டும், அதுவும் 30 நாள் முறையான சிகிச்சையில் முன்னேற்றம் இல்லாதபோதே, இதற்குப் பணம் தருகிறது.

ஆதாரமற்ற வாக்குறுதிகள்

ஆட்டிசத்துக்கு இது பயன் தருவதாக நிறுவப்படவில்லை. மூளை முடக்கு வாதம் உள்ள 111 குழந்தைகளிடம் கனடாவில் நடந்து 2001-ல் வெளியான ஆய்வில், லேசான அழுத்தத்தில் வெறும் காற்றைப் பெற்ற குழந்தைகளும் அதே அளவு முன்னேறினார்கள். இளமை திரும்பும் என்ற விளம்பரங்களையும் நம்ப வேண்டாம்.

ஆபத்தும் உண்டு. காது வலி, செவிப்பறைக் காயம், சர்க்கரை திடீரெனக் குறைதல், அரிதாக வலிப்பு வரலாம். நுரையீரல் உறையில் காற்றுத் தேங்கியவர்கள் அதைச் சரிசெய்யாமல் அறைக்குள் போகவே கூடாது. தூய ஆக்சிஜனில் ஒரு பொறியே போதும்: 1997-ல் இத்தாலியின் மிலான் நகரில் அறை தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஐந்து வயதுச் சிறுவன் பலியானான்.

பணம் கட்டும் முன்

காலின் ரத்த ஓட்டத்தைப் பரிசோதித்தார்களா? ரத்தக் குழாய் அறுவை நிபுணர் பார்த்தாரா? எத்தனை முறைக்குப் பிறகு பலனை அளந்து, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்வார்கள்? அறைக்கு அருகில் பயிற்சி பெற்ற மருத்துவர் இருப்பாரா? இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைத்த பிறகு நகையைப் பற்றிப் பேசலாம். உதவி கேட்டு வரும் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் ஜமாஅத் நிர்வாகிகளும் இதே கேள்விகளைக் கேட்கட்டும்.