பீரங்கி எட்டும் தூரம்: நாகசாகி, 1808

பிரிட்டிஷ் கடற்படையின் வரலாற்றை எழுதியவர்கள் இந்தச் சம்பவத்துக்கு ஒரு பத்திக்கு மேல் ஒதுக்குவதில்லை. அவர்கள் கணக்கில் அதற்குக் காரணமும் இல்லை. 1808 அக்டோபர் 4ஆம் தேதி ஒரு போர்க்கப்பல் நாகசாகித் துறைமுகத்துக்குள் நுழைந்தது. தேடிவந்த இரை கிடைக்கவில்லை. தண்ணீர், விறகு, இறைச்சி வாங்கிக்கொண்டு 7ஆம் தேதி வெளியேறிவிட்டது. டிராஃபல்கரையும் நைல் போரையும் எழுதிப் பழகின கைக்கு இதில் எழுத என்ன இருக்கிறது? ஜப்பானிய வரலாற்றிலோ இதற்கு ‘ஃபேட்டன் கப்பல் சம்பவம்’ என்று தனிப்பெயரே உண்டு. யாருக்குச் சின்ன விஷயம், யாருக்குப் பெரிய விஷயம் என்ற கேள்வியை மையம் - விளிம்பு பற்றிப் பேசும் நாம் நிறையவே கேட்டாயிற்று. அதையே இன்னொரு தடவை கேட்பதற்காக இதை எழுதவில்லை. எனக்கு வேண்டியது ‘நடுநிலை’ என்ற ஒரு சொல். அந்தச் சொல் யாரைக் காப்பாற்றியது, யாரைக் கைவிட்டது என்று பார்க்க இந்த மூன்று நாள் கதை போதும்.

முதலில் பின்னணி. 1641 முதல் டச்சுக்காரர்கள் நாகசாகிக் கரையோரத்தில் டெஜிமா என்ற விசிறி வடிவச் செயற்கைத் தீவில் அடைக்கப்பட்டிருந்தார்கள். ஐரோப்பியர்களில் அவர்களுக்கு மட்டுமே அங்கே வியாபாரம் செய்ய அனுமதி. வருஷத்துக்கு ஒரு தடவை பட்டாவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) கப்பல் வரும். 1795இல் ஆலந்து பிரெஞ்சுப் புரட்சிப் படைகளின் கைக்குப் போனதும் இங்கிலாந்துக்கு டச்சுக் கப்பல்கள் எல்லாம் எதிரிக் கப்பல்கள் ஆகிவிட்டன. பட்டாவியாவிலிருந்து கிளம்பும் கப்பல் வழியிலேயே பிடிபடும் அபாயம். டச்சுக்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். 1797இலிருந்து அமெரிக்கக் கப்பல்களை வாடகைக்குப் பிடித்தார்கள். அமெரிக்கா நடுநிலை நாடு, நடுக்கடலில் அமெரிக்கக் கொடி பறக்கும். நாகசாகி கண்ணில் பட்டதும் அதை இறக்கிவிட்டு டச்சுக் கொடி ஏற்ற வேண்டும். பைபிள், சிலுவை எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். கப்பல்காரர்களுக்கு இதெல்லாம் முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கப்பட்டது. ஆகவே நாகசாகித் துறைமுகத்தில் கொடி பொய் சொல்ல ஆரம்பித்தது 1808இல் அல்ல. ஆங்கிலேயன் வந்து ஏமாற்றினான் என்று புகார் சொன்ன டச்சுக்காரர்கள் அதற்கு முன்னால் பத்து வருஷமாக அதே வித்தையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

ஃபேட்டன் 38 பீரங்கிகள் கொண்ட ஃபிரிகேட் வகைக் கப்பல். அதன் தலைவர் ஃப்ளீட்வுட் பெல்லூ. வயசு பதினெட்டு! எப்படி என்று கேட்டால் பதில் சென்னையில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தளபதியாகச் சென்னையை மையமாக வைத்துக்கொண்டிருந்த எட்வர்ட் பெல்லூவின் மகன் அவர். 1806இல் பட்டாவியாவிலும் 1807 கடைசியில் கிழக்கு ஜாவாவின் கிரெசிக்கிலும் டச்சுக் கப்பல்களை அழித்து முடித்திருந்தார் அப்பா. மிச்சம் மீதி இருப்பதை மகன் பிடித்துவந்தால் பரிசுப் பணமும் கிடைக்கும், பதவி உயர்வும் உறுதிப்படும். வாரிசு அரசியல் நாம் கண்டுபிடித்த சரக்கு என்று யாரும் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம்.

ஃபேட்டன் டச்சுக் கொடியோடு உள்ளே வந்தது. வழக்கப்படி வரவேற்கப் படகில் போன டெஜிமா ஊழியர்கள் கோசெமான், ஷிம்மெல் இருவரையும் ஆயுதம் தாங்கிய மாலுமிகள் இழுத்துக் கப்பலில் ஏற்றினார்கள். கூடப்போன ஜப்பானிய அதிகாரிகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்று இரவே ஃபேட்டனின் படகுகள் துறைமுகம் முழுக்கச் சுற்றி டச்சுக் கப்பலைத் தேடின. ஜப்பானியக் கணக்கில் அது எட்டாம் மாதம் 15ஆம் நாள், ஊரே நிலாப் பார்க்கும் பௌர்ணமி இரவு. அந்த வருஷம் டச்சுக் கப்பல் வரவே இல்லை என்பது தெரிந்தது. டெஜிமாவின் தலைவர் ஹென்ட்ரிக் டூஃபும் மற்ற டச்சுக்காரர்களும் தீவை விட்டு நகர நிர்வாகியின் மாளிகைக்குள் ஒதுங்கினார்கள். மறுநாள் பெல்லூவிடமிருந்து செய்தி வந்தது. சாப்பாடும் தண்ணீரும் விறகும் வர வேண்டும், வராவிட்டால் துறைமுகத்தில் நிற்கும் ஜப்பானியப் படகுகளையும் சீனக் கப்பல்களையும் கொளுத்திவிடுவோம்.

கவனியுங்கள், மிரட்டல் டச்சுக்காரனின் சொத்துக்கு அல்ல. இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் இல்லாத சீன வியாபாரிகளுக்கும் ஜப்பானியப் படகுக்காரர்களுக்கும்.

நகர நிர்வாகி மாட்சுதைரா யசுஹிதே. ஷோகுன் ஆட்சி எடோவிலிருந்து நேரடியாக அனுப்பிய ‘புக்யோ’. நம் கலெக்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் துறைமுகத்தைக் காக்கும் படை அவருடையதல்ல. சாகா, ஃபுகுவோகா என்ற பக்கத்துச் சிற்றரசுகள் இரண்டும் வருஷம் மாற்றி வருஷம் காவல் முறை செய்ய வேண்டும். 1808 சாகாவின் முறை. ஆயிரம் பேர் இருக்க வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட நூறு பேர்தான் இருந்தார்கள். டச்சுக் கப்பல் இந்த வருஷம் வராதென்று நினைத்து மற்றவர்களைச் சாகா வீட்டுக்கு அனுப்பியிருந்தது. கடனில் இருந்த சிற்றரசு, ஆளைக் குறைத்தால் செலவு மிச்சம். பட்ஜெட்டில் வெட்டு விழுந்தால் முதலில் போவது இரவுக் காவலாளிதான், எந்த ஊரிலும். கோட்டைகளில் இருந்தவையோ அரதப்பழசான பீரங்கிகள். மாட்சுதைரா சுற்று வட்டாரச் சிற்றரசுகளுக்கு ஆள் அனுப்பினார். படைகள் கிளம்பின. ஓமுராவின் படை வந்தபோது வைக்கோல் ஏற்றிய படகுகளை விட்டுக் கப்பலைக் கொளுத்தலாமா என்று யோசனை நடந்தது. யோசித்துக்கொண்டிருக்கும்போதே காற்று சாதகமாகி, ஃபேட்டன் பாய் விரித்துப் போய்விட்டது. அதற்குள் கேட்ட தண்ணீரும் ஆடுமாடும் கப்பலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன, பிணைக்கைதிகள் இருவரும் உயிரோடு திரும்பியிருந்தார்கள்.

அன்றிரவு மாட்சுதைரா வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்தார். சாகாவின் காவல் பொறுப்பாளர்களும் அதே வழியில் போனார்கள். சாகாவின் பிரபு நபெஷிமா நரினாவோவுக்கு நூறு நாள் வீட்டுக்காவல்.

செப்புக்கு என்றதும் சாமுராய் வீரம், மானம், கலாச்சாரத்தின் ஆழ்மனம் என்று பேச ஆரம்பித்துவிடும் ஆட்கள் உண்டு, நம்மிடையேயும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இதில் வேலை செய்தது ஒரு நிர்வாக எந்திரம். பொறுப்பு ஒருவரிடம், படை இன்னொருவரிடம், பணம் மூன்றாவது இடத்தில். எங்கோ தப்பு நடந்தால் கணக்கை முடிக்க ஓர் உடம்பு வேண்டும். ஆள் குறைப்புக்கு மேலே இருந்த பிரபுவுக்கு நூறு நாள், குறைத்த ஆட்களை வைத்துக்கொண்டு கரையில் நின்றவர்களுக்கு மரணம். மானம் என்ற சொல்லாடல் இந்த விகிதத்தை அழகாக மறைத்துவிடுகிறது.

இப்போது நடுநிலைக்கு வருவோம். ஜப்பான் நெப்போலியன் யுத்தத்தில் எந்தப் பக்கமும் இல்லை. ஐரோப்பியச் சட்டப்படி நடுநிலை நாட்டின் துறைமுகத்துக்குள் எதிரியைப் பிடிப்பது கூடாது. அந்த நாட்டின் கடல் எதுவரை? டச்சுச் சட்ட அறிஞர் பிங்கர்ஷூக் 1702இல் இதற்கு ஒரு வரையறை கொடுத்தார். கரையிலிருக்கும் பீரங்கியின் குண்டு எட்டும் தூரம் வரை. ஆயுதத்தின் வலிமை முடியும் இடத்தில் நிலத்தின் அதிகாரமும் முடிகிறது. இதை மறைக்காமல் சொன்னதற்காகவே அவரை மெச்சலாம்.

ஆனால் விஷயம் அவ்வளவு நேர் இல்லை. 1805இல் லண்டன் கடற்படை நீதிமன்றத்தில் நீதிபதி வில்லியம் ஸ்காட் முன்னால் ‘ஆனா’ என்ற கப்பலின் வழக்கு வந்தது. மிசிசிப்பி ஆற்று முகத்துவாரத்தில் ஓர் ஆங்கிலத் தனியார் போர்க்கப்பல் அதைப் பிடித்திருந்தது. அமெரிக்காவின் நிலம் அங்கிருந்து தூரம், பக்கத்தில் இருப்பவை வெறும் சேறும் ஆற்றில் மிதந்துவந்த மரங்களும் அடைந்து உருவான திட்டுகள், அவை யாருக்கும் சொந்தமில்லை என்று வாதாடினார்கள். ஸ்காட் ஏற்கவில்லை. ஒரு கோட்டை கட்டவும் லாயக்கில்லாத அந்தச் சேற்றுத்திட்டுகளிலிருந்து அளந்து, அது அமெரிக்கக் கடல்தான், கப்பலைத் திருப்பிக் கொடு என்று தீர்ப்புச் சொன்னார். ஆக மிசிசிப்பியில் இல்லாத பீரங்கியின் தூரமும் கணக்கில் சேர்ந்தது. மூன்று வருஷம் கழித்து நாகசாகியில் கோட்டையில் கண்ணெதிரே இருந்த பீரங்கிகள் கணக்கில் வரவில்லை. பீரங்கி வெறும் அளவுகோல்தான். யாருக்காக அதை நீட்டிப் பிடிப்பது, யாருக்குச் சுருக்குவது என்பது வேறெங்கோ முடிவாகிறது. பிங்கர்ஷூக்கின் வரையறை அந்த ‘வேறெங்கோ’வைப் பற்றி வாய் திறப்பதில்லை. நாகசாகியில் கப்பல் எதுவும் பிடிபடாததால் பரிசு வழக்கும் எழவில்லை. எந்த நீதிபதியும் அந்தத் துறைமுகத்தை அளந்து பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை.

ஐரோப்பாவுக்குள் இருந்தால் தப்பித்துவிடலாம் என்றும் இல்லை. 1807 செப்டம்பரில் நடுநிலை டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகன்மேல் மூன்று இரவு குண்டு போட்டு, டேனிஷ் கடற்படையை அப்படியே ஓட்டிக்கொண்டு போனது பிரிட்டன். நெப்போலியன் கையில் அது சிக்கிவிடக்கூடாதாம். அதன் தொடர்ச்சி நம்மூர்க் கரைவரைக்கும் வந்தது. டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடியை 1808 பிப்ரவரியில் ஆங்கிலேயர்கள் எடுத்துக்கொண்டார்கள், நாகசாகிக்கு எட்டு மாசம் முந்தி. 1801இலும் ஒரு தடவை எடுத்து மறுவருஷம் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். தரங்கம்பாடிக் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் யுத்த காலங்களில் அந்தச் சின்ன ஊர் செழித்ததே நடுநிலைக் கொடியால்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தர்கள் இங்கே சுருட்டிய பணத்தைத் தங்கள் கம்பெனிக்கே தெரியாமல் ஊருக்கு அனுப்ப டேனிஷ் கப்பல்களைத்தான் நம்பினார்கள். நடுநிலை உபயோகப்படும்வரை அதற்கு மரியாதை. 1815இல் திரும்பக் கிடைத்த தரங்கம்பாடியில் பழைய வியாபாரம் திரும்பவில்லை. 1845இல் செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கம்பெனிக்கே விற்றுவிட்டார்கள்.

மறுபடி நாகசாகி. அங்கே பரம்பரையாக டச்சு மொழி பெயர்க்கும் குடும்பங்கள் இருந்தன. வந்தவன் பேசும் மொழியே தெரியாமல்போன அவமானத்துக்குப் பிறகு, 1809இல் அவர்களை ஆங்கிலமும் ரஷ்யமும் படிக்கச் சொன்னது அரசு. ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவரும் ஒரு டச்சுக்காரர்தான், டெஜிமாவில் இருந்த யான் காக் புளோம்ஹாஃப். 1814இல் மொட்டோகி ஷோசாயெமோன் தலைமையில் ஜப்பானின் முதல் ஆங்கில - ஜப்பானிய அகராதி உருவாயிற்று. அதிலிருக்கும் ஆங்கில உச்சரிப்பில் டச்சு வாடை அடிக்கும் என்பார்கள். ஓர் ஆக்கிரமிப்பிலிருந்து அகராதி பிறப்பது நமக்கும் பழக்கமான விஷயந்தானே.

அகராதியோடு நின்றிருந்தால் சரி. 1825இல் ஷோகுன் ஆட்சி ஓர் ஆணை போட்டது. கரைக்கு வரும் அந்நியக் கப்பல் எதுவானாலும் யோசிக்காமல் சுட்டு விரட்டு. ஃபேட்டன் மட்டும் இதற்குக் காரணமில்லை, வடக்கே ரஷ்யத் தாக்குதல்கள், கரையோரத்தில் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் எல்லாம் சேர்ந்துதான். ஆனால் நாகசாகியின் பயம் அந்த ஆணைக்குள் இருக்கிறது. 1837இல் மாரிசன் என்ற அமெரிக்கக் கப்பல் வந்தது. ஆயுதம் கிடையாது. கடலில் திசைமாறி அந்நிய மண்ணில் ஒதுங்கிய ஜப்பானியர் ஏழு பேரை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தது. ஆணைப்படி அதன்மேலும் சுட்டார்கள். சொந்த ஜனங்களே வந்த கப்பல்மேல் சுடுவது என்ன நியாயம் என்று எழுதினார்கள் இரண்டு பேர், ஓவியர் வத்தனபே கசான், மருத்துவர் தகானோ சோயே. 1839இல் இருவரையும் கைது செய்தார்கள். வீட்டுக்காவலில் இருந்த கசான் 1841இல் தற்கொலை செய்துகொண்டார். சிறையிலிருந்து தப்பித் தலைமறைவாகத் திரிந்த சோயே 1850இல் பிடிபடும்போது செத்தார். வெளியே இருந்து வரும் ஆபத்துக்கென்று போடும் சட்டம் முதலில் உள்ளே எழுதுகிறவன் கழுத்தைத்தான் பிடிக்கும். தடா, பொடா பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஃப்ளீட்வுட் பெல்லூவுக்கு ஒரு கேடும் இல்லை. காப்டன் பதவி அதே 1808 அக்டோபரில் உறுதியாயிற்று. அட்மிரல்வரை உயர்ந்தார். 1853இல் ஹாங்காங்கில் மாலுமிகளுக்குக் கரையிறங்க அனுமதி மறுத்ததில் கலகம் மூண்டு, லண்டன் பத்திரிகைகள் திட்டி, அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அவரை அசைக்க முடிந்தது அவருடைய சொந்த மாலுமிகளால் மட்டும்தான்.

சாகா இந்தச் சம்பவத்திலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு. நரினாவோவின் மகன் நபெஷிமா நவோமாசா கடனை ஒழுங்குபடுத்தி, டச்சுப் புத்தகத்தைப் பார்த்து உலை கட்டி, 1850களில் இரும்புப் பீரங்கி வார்த்தார். பீரங்கி எட்டும் தூரத்தை நீட்டியாயிற்று. 1868இல் ஷோகுன் ஆட்சியைக் கவிழ்த்த நான்கு சிற்றரசுகளில் சாகாவும் ஒன்று. புதிய ஜப்பானுக்குப் புதிய கடற்படை வந்தது. 1875 செப்டம்பரில் அந்தக் கடற்படையின் உன்யோ என்ற கப்பல், கொரியாவின் கங்வாத் தீவுக்குப் பக்கத்தில் போய் நின்று ஒரு படகை இறக்கியது. கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் யுத்தம் இல்லை. கரையிலிருந்த பழைய பீரங்கிகள் சுட்டன. உன்யோ திருப்பிச் சுட்டுக் கோட்டையை நொறுக்கியது, பக்கத்துத் தீவில் ஆளை இறக்கி முப்பத்தைந்து கொரியர்களைக் கொன்றது. அடுத்த வருஷம் கொரியா துறைமுகங்களைத் திறக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. படகை எதற்கு இறக்கினீர்கள் என்று கேட்டதற்கு ஜப்பான் சொன்ன பதில்: குடிதண்ணீர் கேட்கத்தான் போனோம்.