1815க்கு இப்பால்: திம்புள்ளத் தோட்டங்களின் உலோக எச்சங்களும் சட்டத்தின் எல்லைக்கோடும்

இலங்கையின் தொல்பொருள்கள் கட்டளைச் சட்டம் (1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம்) தொல்பொருளுக்கு ஒரு நாளை எல்லையாக வைத்திருக்கிறது: 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்கு முற்பட்ட நாணயம் மண்ணுக்குள் கிடந்தால் அது அரசின் சொத்து. அகழ்வதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். தற்செயலாகக் கண்டெடுத்தவரும் அறிவித்தாக வேண்டும். உலோகம் கண்டறியும் கருவியோடு புதையல் தோண்டப் புறப்படுகிறவர்கள் கைதாவதும் பெரும்பாலும் இச்சட்டத்தின் பேரில்தான்.

மலையகத்தில் கோப்பி பரவியது 1820களுக்குப் பிறகு. அங்குள்ள திம்புள்ளயில் காடு பெருமளவில் வெட்டப்பட்டது இன்னும் பிந்தி. எனவே அங்கு குடியேறிய தமிழ்த் தொழிலாளரின் காலத்தில் செய்யப்பட்ட காசோ வில்லையோ கத்தியோ எதுவும் இச்சட்டத்தின் கண்ணுக்குத் தொல்பொருள் அல்ல. காலனித்துவக் கட்டடங்கள் பல தனி அறிவித்தல்களால் காக்கப்பட்டுள்ளன. உள்ளங்கையில் அடங்கும் பொருள்களுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. இந்த எல்லையை நகர்த்த வேண்டும். உலோகம் கண்டறியும் கருவியையும் ஒழுங்கான கள ஆய்வுக்குள் கொண்டுவர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்த மண்ணில் எதை எதிர்பார்க்கலாம்? 1870ஆம் ஆண்டு பொறித்த செப்புக் காசுகளை, ஐந்து சதத்திலிருந்து கால் சதம் வரை, முதலில் சொல்லலாம். நாணயம் சேகரிப்போர் அவற்றைத்தான் தேடுவர். ஆனால் வரலாற்றுக்கு அவற்றினும் பெறுமதியானது தகர டிக்கெட். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்தில் ஆள் சேர்க்கும்போது ஒவ்வொருவருக்கும் ஓர் உலோக வில்லை கொடுக்கப்பட்டது. மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண் என அதில் பொறித்திருக்கும். வழிச்செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். பின்னர் அதுவே தொழிலாளியின் கடனாகும்.

ஒருவர் எந்தத் தோட்டத்துக்கென அழைத்துவரப்பட்டார் என்பதை வில்லை சொல்லும். அவர் உண்மையில் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதை அது கிடந்த இடம் மட்டுமே சொல்லும். ஒரு தோட்டத்தின் எண் பொறித்த வில்லைகள் வேறொரு தோட்டத்தின் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் கிடைக்குமானால், கடனுக்கும் கங்காணிக்கும், கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்பதாக எழுதித்தரும் துண்டு முறைக்கும் இடையே மனிதர்கள் இடம்பெயர்ந்த தடத்தை அங்கே தேடலாம். 1865இன் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுப் போவது குற்றம்; 1921இல்தான் அத்தண்டனைப் பிரிவுகள் நீங்கின. ஓடிப்போனவர்களைப் பற்றி நம்மிடம் இருப்பது பெரும்பாலும் துரைமாரின் முறைப்பாடுகளே. வில்லையைப் பிடுங்கி விற்பவர் ஓடிப்போனவர்கள் தரப்புச் சாட்சியத்தையும் சேர்த்தே அழிக்கிறார்.

கருவி நல்ல ஆய்வுத் துணையாகும் என்பதற்கு அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹோர்ன் போர்க்களம் சான்று. 1984இல் தொல்லியலாளர்கள் டக்ளஸ் ஸ்கொட், ரிச்சர்ட் பொக்ஸ் ஆகியோர் அங்கே கண்டெடுத்த தோட்டாக்களின் இருப்பிடத்தை ஒவ்வொன்றாகக் குறித்து, துப்பாக்கிகள் நகர்ந்த வழியையே மீட்டனர். ஆனால் அதே கருவியைக் காசுக்கென்று திருத்திவைத்தால் இரும்பின் ஒலியை அது ஒதுக்கிவிடும். கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியும், அதாவது உழைப்பின் தடயங்கள், கணக்கிலேயே வராமல் போகும்.

பொருள்களைத் தோண்டாமல் மண்ணிலேயே விட்டுவைப்பது நல்லதென்ற வாதம் பொதுவாகச் சரி. கோப்பிக்குப் பின் தேயிலை விளைந்த இந்த மண்ணுக்கு அது முழுதாகப் பொருந்தாது. அமிலத்தன்மை மிக்க அந்த மண்ணும் பல்லாண்டாக இட்ட அமோனியம் உரமும் உலோகத்தை அரிக்கின்றன. புதிய வீடுகளுக்காக லயங்கள் இடிபடும்போது மேல்மண்ணே புரண்டுவிடுகிறது.

இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பொன், வெள்ளிப் பொருள்களுக்குப் பொதுவாக 300 ஆண்டு என்ற நகரும் எல்லையை வைக்கிறது. அந்த அளவு நமக்குப் பயன்படாது. நகரும் எல்லை என்ற முறை பயன்படும். நூறு ஆண்டு என்று வைத்தாலே தகர டிக்கெட்டின் முதல் இருபதாண்டுகள் உள்ளே வந்துவிடும்.

ஆய்வை லயங்களின் பின்புறத்திலும் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்திலும் கோயில் முன்றிலிலும் தொடங்கலாம். சரிவில் மழை மண்ணை இறக்கிக்கொண்டே இருப்பதால் கீழ்த்தட்டில் கிடைத்த பொருள் மேல் லயத்தினதாக இருக்கக்கூடும். ஆழத்தோடு சரிவையும் குறிக்க வேண்டும். நிலம் 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருந்தாலும், அவற்றின் அனுமதி மட்டும் போதாது. லயத்தில் வாழ்கிறவர்களின் சம்மதமும் வேண்டும். அவர்களே பயிற்சி பெற்றுத் தேடுவோராகவும் இருக்க வேண்டும். கிடைப்பவை கொழும்புக்குப் போகாமல், தோட்டத் தொழிலாளர் நூதனசாலை போன்ற மலையக இடங்களிலேயே, கண்டெடுத்த இடத்தின் குறிப்போடு வைக்கப்பட வேண்டும்.